விளையாட்டும் ஒரு மொழியே



பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மனத்தில் நோவு கண்டால்? "சின்னப் புள்ளைக்கு என்ன கவலை, அழுதா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிடுகிறோம். உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தது. அந்த எண்ணம் மாறிய வரலாற்றில் ஒரு பகுதியை இங்கே காண்போம்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. விமானக் குண்டுகளுக்கு அஞ்சிய பிரிட்டிஷ் அரசாங்கம், சில நாட்களில் ஏறக்குறைய 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். பள்ளிப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து ரயிலேறினர். உயிர் தப்பியது. உள்ளம் என்ன ஆயிற்று?

இதைக் கூர்ந்து கவனித்தவர் அன்னா பிராய்டு அம்மையார். மனநல அறிஞர் சிக்மண்ட் பிராய்டின் கடைசி மகள். வியன்னாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1938-இல் லண்டன் வந்தவர். அவரும் தோழி டோரதி பர்லிங்ஹாமும் ஹாம்ஸ்டெட் என்னுமிடத்தில் போர்க்காலக் குழந்தைகள் இல்லம் நடத்தினர். தாய்மார் எந்நேரமும் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்பது அங்கே விதி. வேலை செய்த ஒவ்வொருவரும் பிள்ளைகளிடம் கண்டதைச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். கொதிகலன் பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் எழுதினார்!

முதலில் பிள்ளைகளை எல்லாரும் பொதுவாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு தாதி என்று பிரித்துக் கொடுத்தார்கள். அப்பப்பா! "இவங்க எனக்குத்தான்" என்று ஒரே சண்டை, அழுகை. கொஞ்ச நாளில் அடங்கியது. பேச்சு வளர்ந்தது, நல்ல பழக்கங்கள் வந்தன. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஓர் ஆயாவின் முந்தானையையே பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அங்கே நாலு வயதுச் சிறுவன் ஒருவன். போரில் தந்தையை இழந்தவன். ஆனால் அப்பா இறந்ததை அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. காகிதத்தில் வீடு கட்டுவான், குண்டு போட்டு இடிப்பான், ஆட்கள் எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள், மறுபடி கட்டுவான். ஓயாமல் இதே விளையாட்டு. மாதங்கள் கழித்து ஒருநாள், அப்பா இனி வரமாட்டார் என்று அவனே வாய்திறந்து சொன்னான். அதற்குப் பின் அந்த விளையாட்டு நின்றது. வாயால் சொல்ல முடியாததை அதுவரை கையால் சொல்லிக்கொண்டிருந்தான்!

இரு அம்மையாரும் 1943-இல் ஒரு நூல் வெளியிட்டனர். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே சிறு பிள்ளைகளை அதிகம் வாட்டியது என்பது அதன் சாரம். 1947-இல் பிள்ளைகளின் மனநல சிகிச்சைக்கு ஆள் பயிற்றத் தொடங்கினார் அன்னா அம்மையார்; 1952-இல் ஹாம்ஸ்டெட் சிகிச்சை நிலையம் பிறந்தது.

கொதிகலன் பார்த்த ராபர்ட்சன் என்ன ஆனார்? அதே 1952-இல், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அக்காலத்தில் பெற்றோர் வந்து பார்க்கக் கடுமையான கட்டுப்பாடு. 'அழாத பிள்ளை, சமர்த்துப் பிள்ளை' என்றிருந்தனர் மருத்துவர்கள். அந்த அமைதிக்குள் இருந்த துயரத்தைப் படம் காட்டியது. சிலர் சினந்தனர். ஆயினும் 1959-இல் அரசாங்கக் குழுவே, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கப் பரிந்துரைத்தது.

பெற்றோர்களே, இதில் நமக்கும் பாடம் உண்டு. கலகலப்பாய் இருந்த பிள்ளை திடீரென்று ஊமையானால், காரணமின்றி முரண்டு பிடித்தால், பள்ளிக்கு வர அஞ்சினால், பிரம்பை எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். விளையாடுவதையும் வரைவதையும் பாருங்கள். உங்களால் ஆகாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பரிசு வாங்க மேடையேறும் பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்துவோம். கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடமும் இரண்டு வார்த்தை பேசுவோம். வாழ்க நம் பிள்ளைகள்!