காசில் நின்ற பேரீச்சை

அச்சுக்கலை தோன்றாத காலத்தில் ஒரு பேரரசின் செய்தியைக் குடிமகனின் உள்ளங்கை வரை கொண்டு சேர்த்தது காசே ஆகும். பொன்னும் வெள்ளியும் செல்வர் பேழைகளில் தங்க, வெண்கலக் காசுகள் அங்காடிதோறும் கைமாறின. எனவே உரோமை வேந்தர் தாம் கூற விரும்பியதை அச்சிறு வட்டத்துள் உருவமாக வடித்தனர். யூதேயாவின் பேரீச்சை மரம் அதற்கு நல்ல சான்றாகும்.

உரோமையை எதிர்த்து கி.பி. 66-இல் எழுந்த யூதக் கிளர்ச்சியாளர், நான்காம் ஆண்டில் வெளியிட்ட வெண்கலக் காசுகளில் இம்மரத்தைப் பொறித்தனர். இருபுறமும் பழக்கூடைகள்; உடன் 'சீயோனின் மீட்புக்காக' என்னும் எழுத்து. கி.பி. 70-இல் எருசலேம் வீழ்ந்தது, கோயில் தீக்கிரையாயிற்று.

மறு ஆண்டே வேந்தன் வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்டெர்ஷியஸ் என்னும் பெருங்காசில் அதே மரம் மீண்டும் தோன்றியது. அதன் ஒருபால் வேலேந்திய வேந்தன் தலைக்கவசம் ஒன்றை மிதித்து நிற்கிறான். மறுபால் ஒரு பெண் தலையில் கைவைத்து நிலத்தில் அமர்ந்திருக்கிறாள். 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்கிறது இலத்தீன் பொறிப்பு. நாடே பெண்ணாகி அழுகிறது.

யூதர் தம் கோயிலுக்குச் செலுத்திவந்த ஆண்டுக் காணிக்கை, யூப்பிட்டர் கோயிலுக்குரிய வரியாயிற்று. அவ்வரியின் பெயரால் நிகழ்ந்த பொய்வழக்குகளை நீக்கியதாக கி.பி. 96-இல் நெர்வா காசு வெளியிட்டான். அதன் பின்புறத்தில் மரம் மட்டும் தனித்து நின்றது. அழும் பெண் மறைந்தாள், வரி மறையவில்லை.

கி.பி. 132-இல் சீமோன் பார் கொக்பாவின் தலைமையில் யூதர் மீண்டும் எழுந்தனர். புழக்கத்திலிருந்த காசுகளையே எடுத்து, வெண்கலக் காசுகளின் பழைய உருவங்களை அராவித் தேய்த்து, அவற்றின்மேல் தம் சின்னங்களை அடித்தனர். ஏழு மட்டைகளும் இரு பழக்குலைகளும் கொண்ட பேரீச்சை ஒருபுறம். திராட்சை இலை மறுபுறம். பழைய எபிரேய எழுத்தில் விடுதலை முழக்கம். வேந்தர் முகம் இருந்த இடத்தில் மரம் நின்றது.

கி.பி. 135-இல் அக்கிளர்ச்சி குருதியில் மூழ்கியது. வேந்தன் ஹாட்ரியன் யூதேயா என்னும் மாநிலப் பெயரையும் மாற்றி, சிரியா பாலஸ்தீனா என வழங்கினான். ஆயினும், வென்றவன் காசும் தோற்றவன் காசும் இன்று அருங்காட்சியகங்களில் அருகருகே உள்ளன. ஒரே மரம் ஒன்றில் அடிமைக்குச் சான்று. மற்றொன்றில் விடுதலைக்குச் சான்று. படிமம் எவர் கையில் இருக்கிறதோ, அவர் பொருளையே அது பேசுகிறது. அதனாலன்றோ தோற்றவர், பிற அனைத்தையும் இழந்த பின்னும், தம் படிமத்தை மீட்கப் போராடினர்!