சாய்வு நாற்காலி சொல்லும் வரலாறு

இருக்கை என்பது உடலுக்கு ஓய்வு தரும் பொருள் மட்டுமன்று. அமர்பவரின் தகுதியை ஊரார்க்கு அறிவிக்கும் அடையாளமும் ஆகும். சங்க காலத் தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். முரசுகட்டில் என்று அறியாது அதன்மேல் ஏறி உறங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரை வாளால் வெட்டாது, அவர் துயிலெழும்வரை கவரி வீசி நின்றான் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை என்னும் செய்தியைப் புறநானூறு தருகின்றது. புலவர் கிடந்தார், வேந்தன் நின்றான். தந்தை மகனுக்கு ஆற்றும் நன்மை யாது எனக் கூறவந்த திருவள்ளுவரும், கற்றோர் அவையில் முதன்மையாக அமரும் தகுதியை அவனுக்கு உண்டாக்குவதே என்றார். எனவே, யார் அமர்ந்தனர், யார் நின்றனர் என்னும் வினா ஒரு சமுதாயத்தின் வரலாற்றைத் திறக்கும் திறவுகோலாகின்றது.

பழைய தோட்டத்து பங்களாக்களிலிருந்து வெளிவந்த கைவைத்த நாற்காலிகளை விரும்பித் தேடி, வரவேற்பறையில் இடுவோர் இன்று பலர். அந்நாற்காலிகளின் அழகைப் போற்றுவோர் அவற்றின் வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத் தலைநகராகிய தாப்பாவும் அதனைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களும் அவ்வரலாற்றை அறிவதற்கு ஏற்ற களமாகும்.

பெயரும் பிறப்பும்

பாய், பலகை, முக்காலி, ஊஞ்சல், திண்ணை ஆகியவையே பழந்தமிழ் இல்லங்களில் பெரிதும் வழங்கிய இருக்கைகள். முதுகு சாயவும் கை வைக்கவும் அமைந்த நாற்காலி, பொதுமக்கள் இல்லங்களுக்கு ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே பரவியது. நான்கு கால்களை உடையது நாற்காலி என்பது தமிழ் தந்த பெயர். ஈழத்தமிழர் வழங்கும் ‘கதிரை’ போர்த்துக்கீசச் சொல்லின் வழிவந்தது. மேசையும் அலமாரியும் அம்மொழியின் கொடைகளே. மலாய் மொழியின் ‘கெருசி’யோ அரபு மொழியிலிருந்து வந்தது. இரயில்வேயிலும் தோட்ட அலுவலகங்களிலும் பணியாற்ற ஈழத்தமிழர் மலாயாவுக்கு வந்தமையால், நாற்காலியும் கதிரையும் கெருசியும் ஒரே மண்ணில் வழங்கலாயின. ஒரு பொருளுக்கு வழங்கும் மூன்று பெயர்கள் மூன்று கடல்வழிகளைக் காட்டி நிற்கின்றன.

பிரம்பும் பஞ்சும்

ஐரோப்பாவின் மெத்தை நாற்காலி குளிர்நாட்டின் குழந்தை. மரச்சட்டத்தின் அடியில் சணல் பட்டைகளை இழுத்துக் கட்டி, அவற்றின்மேல் சுருள்விற்களைப் பிணைத்து, குதிரைமயிர் முதலியவற்றைத் திணித்து, துணியோ தோலோ போர்த்துவது அதன் அமைப்பு. சுருள்வில் வைத்த இருக்கைகளுக்கு இங்கிலாந்தில் 1820களில் காப்புரிமை வழங்கப்பட்டது.

மலாயாச் சமவெளியின் வெப்பமும் ஈரமும் இந்நாற்காலிக்குப் பகையாயின. திணித்த பொருளில் பூஞ்சணம் படர்ந்தது, பூச்சிகள் குடியேறின. ஆகவே, துரைமார் பிரம்பை நாடினர். பேராக்கின் காடுகளில் பிரம்பு மிகுதி. செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் அதனை வெட்டிச் சேர்ப்பதில் கைதேர்ந்தவர்கள். தேக்கு முதலிய வன்மரங்களில் சட்டம் செய்து, காற்றுப் புகுமாறு பிரம்பிழைகளைக் கண்கண்ணாகப் பின்னிய சாய்வு நாற்காலி இவ்வாறு பங்களாவின் முன்தாழ்வாரத்தில் இடம்பெற்றது. அதன் கைகள் மிக நீண்டவை. சிலவற்றில் கைகளின் அடியிலிருந்து வெளியே திருப்பத்தக்க பலகைகளும் இருக்கும். அவற்றின்மீது காலை நீட்டிக்கொண்டால், அருகில் நிற்கும் ஊழியன் காலணியைக் கழற்றிவிடலாம். இந்தியா, இலங்கை, மலாயா ஆகிய மூன்று நாடுகளிலும் இது தோட்டத் துரையின் நாற்காலி என்றே அறியப்பட்டது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலை 1930களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அச்சாலையின் அடிவாரத்தில் பிரம்பு நாற்காலி ஆட்சி செய்தது. குளிர் மிகுந்த மலைமேலோ, கணப்பு மூட்டிய பங்களாக்களில் மெத்தை நாற்காலி தன் தாயகத்துத் தட்பத்தை மீண்டும் பெற்றது.

நின்றவர்கள்

பங்களாவின் தாழ்வாரத்தில் துரை சாய்ந்திருந்தார். அலுவலகத்தில் கிராணி மேசைமுன் அமர்ந்திருந்தார். விடியற்காலைப் பெரட்டில் பால்வெட்டுத் தொழிலாளர் வரிசையாக நின்றனர். சம்பள நாளிலும் நின்றனர். முறையீடு கூறவந்த நாளிலும் நின்றனர். தாயகத்துச் சிற்றூர்களில், ஆண்டையின் முன் அமர்தல் குற்றம் என்னும் கொடுமையை முன்னரே அறிந்தவர்கள் அவர்களுள் பலர். கங்காணி வழியாகக் கடல் கடந்தபோதும் அவ்வழக்கம் அவர்களைத் தொடர்ந்து வந்தது.

இந்நிலைக்கு எதிராக எழுந்த குரலுள் வரலாற்றில் நிலைத்தது 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தம். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகள் ஊதிய உயர்வோடு நிற்கவில்லை. வெள்ளைத் துரையையோ தோட்ட அலுவலரையோ வழியில் கண்டவுடன் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தன் காசில் வாங்கிய சைக்கிளின் சிறிய இருக்கையில் அமர்ந்தபடியே துரையைக் கடந்து செல்லும் உரிமைக்காகத் தமிழன் போராடினான். அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. போராட்டம் படைவலியால் ஒடுக்கப்பட்டது. ஆயினும், எழுப்பிய வினாவை ஒடுக்க எவராலும் இயலவில்லை.

நிற்பதற்குப் பழகிய மக்களின் பிள்ளைகள் அமரக் கற்ற இடங்களுள் தலையாயது தோட்டப்பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளின் வசதி மிகச் சிறிதே. எனினும், அங்கிருந்த எளிய மரப்பலகை பங்களாவின் சாய்வு நாற்காலியைவிட உயர்ந்த இருக்கை என்றால் அது மிகையாகாது.

பாலில் பிறந்த மெத்தை

நாற்காலியின் வரலாற்றில் வியப்பான திருப்பம் ஒன்று 1929இல் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் டன்லப் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஈ. ஏ. மர்பி என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் இரப்பர்ப் பாலை நுரையாக அடித்து, கெட்டிப்படுத்தி, மென்மையான மெத்தை ஆக்கினர். மரத்திலிருந்து வடியும் பாலில் இரப்பரின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அமோனியா சேர்த்துக் கெடாமல் காத்து, பொறியிற் சுழற்றி, 60 விழுக்காடு வரை செறிவாக்கிய பின்னரே அது நுரைமெத்தைக்குப் பயன்படும். குதிரைமயிருக்கும் பஞ்சுக்கும் மாற்றாக இம்மெத்தை உலகெங்கும் நாற்காலிகளில் இடம்பெற்றது.

இருள் விலகுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, கோப்பை கோப்பையாகப் பால் சேர்த்தவர் தமிழர். அப்பால் கடல் கடந்து மெத்தையாகி, உலகத்தாரை அமரச் செய்தது. அதனை அளித்தவர் நின்றுகொண்டே இருந்தனர். தோட்டத் தமிழரின் வரலாற்றை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

தேர்ந்தெடுக்கும் முறை

1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை எழுந்தது. பங்களாப் பொருள்கள் பழம்பொருள் கடைகளை அடைந்தன. அவற்றுள் நாற்காலி தேர்வோர் முதலில் நோக்க வேண்டியது மெருகை அன்று, மூட்டுகளை. அமர்ந்து அசைத்தால் ஆடாத நாற்காலியே உயிருள்ளது. கவிழ்த்துப் பார்த்தால் கரையான் வழியும் வண்டு துளைத்த நுண்ணிய துளைகளும் புலப்படும். துளையருகே புதுமரத்தூள் உதிர்ந்திருப்பின் வண்டு இன்னும் உள்ளே வாழ்கின்றது என்பது பொருள். பின்னல் அறுந்திருப்பது பெருங்குறையன்று, புதிதாகப் பின்னிவிடலாம். மெத்தை நாற்காலியாயின் அடிப்பட்டைகளின் இறுக்கத்தையும் விற்களின் கட்டையும் சோதித்து, பூஞ்சண நாற்றம் வீசுவதை விலக்க வேண்டும். பழைய இரப்பர் மெத்தை காற்றும் ஒளியும் பட்டு இறுகிப் பொடியாவது இயல்பு. அதனை மாற்றிச் சட்டத்தைக் காப்பதே அறிவுடைமை. மூட்டைப்பூச்சிக்கு வெயிலும் வெந்நீரும் பாட்டிமார் கண்ட மருந்து. ஆயினும், வெந்நீர் மெருகைக் கெடுக்கும் என்பதை மறத்தல் கூடாது.

அமரும் உரிமை

இவ்வரலாறு பழங்கதையாகி முடிந்துவிடவில்லை. கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிந்தோர்க்கு இருக்கை தரப்பட வேண்டும் எனக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் திருத்த நேர்ந்தது. 2020இல் கடலூர் மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவி ஒருவர், மற்ற உறுப்பினர் நாற்காலியில் இருக்கத் தாம் மட்டும் தரையில் அமர்த்தப்பட்ட செய்தி தமிழுலகைத் தலைகுனிய வைத்தது. மோசிகீரனாருக்குக் கவரி வீசிய மரபும் தமிழரதே; தலைவியைத் தரையில் இருத்திய இழிவும் தமிழரதே.

துரையின் நாற்காலி இன்று தொழிலாளியின் பேரன் இல்லத்தை அலங்கரிக்கலாம். அதில் தவறில்லை; அது காலம் செய்த நீதி. ஆனால், அதில் அமர்பவர் முன்னே எவரும் கைகட்டி நிற்கும் நிலை வருமாயின், மாறியது உடைமை மட்டுமே, வரலாறு மாறவில்லை. வருவோர் யாவராயினும் முதற்சொல்லாக “அமருங்கள்” என்று கூறும் இல்லத்திலேதான் அந்தப் பழைய நாற்காலி தன் பழியைத் தீர்த்துக்கொள்ளும்.