துண்டும் சங்கமும்: இலங்கைத் தோட்டங்களிலிருந்து கச்சால் வரை

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. இது பொதுவாக மறுவாழ்வுத் திட்டமாகவே நோக்கப்படுகிறது. ஆயின், தொழிலாளர் உரிமை வரலாற்றின் ஒரு தொடர்ச்சியாகவும் இதனைக் காணலாம்.

இலங்கைத் தோட்டங்களில் வழங்கிய சொற்களே அங்கிருந்த உறவுமுறையைப் புலப்படுத்துகின்றன. ஆள்திரட்டி, வேலை மேற்பார்த்து, கடனும் கொடுத்தவர் ‘கங்காணி’. வரிசையாக அமைந்த ஓரறை வீடுகள் ‘லயம்’. தொழிலாளியின் கடன்தொகையைக் குறித்த சீட்டு ‘துண்டு’. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தினாலன்றி அவர் இடம் மாற இயலாது. குறித்த அளவு வேலையை முடிக்காதவருக்கு ‘அரைப்பேர்’, அதாவது அரைநாட் கூலியே பதியப்பட்டது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கடன் சீட்டு மறைந்த பின்னரே சங்கம் வேரூன்றியது. 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்த தேர்தல் சட்டத் திருத்தமும் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அதன்பின் சங்கமே அவர்களது அரசியல் குரலாயிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வழிவகுத்தது. அவ்வாறு வந்தோருள் ஒரு சிறு பகுதியினரே கச்சாலை அடைந்தனர்.

இங்கு இரு மாறுதல்களைக் காண்கிறோம். இழந்த குடியுரிமை கிடைத்தது. தனியார் கம்பெனிக்கு மாறாக அரசே முதலாளியாயிற்று. குடிநீர், வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியன 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி நிருவாகத்தின் கடமைகளாக இருந்தன. ஆனால், ஒன்று மாறவில்லை: வீடு வேலையோடு பிணைந்தே இருந்தது.

அப்பிணைப்பின் விளைவு பின்னர் வெளிப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கச்சாலைக் கடுமையாகத் தாக்கியது. தோட்டத்தை நடத்திவந்த வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட மைய அமைச்சரவை 2017இல் ஒப்புதல் அளித்தது. பணிமுடிவுத் தொகை கூலியின் கணக்கைத் தீர்க்கும். குடியிருப்பின் கணக்கைத் தீர்க்காது. எனவே கூலி உயர்வைப் போன்றே வீட்டுரிமையும் நில உரிமையும் தோட்டத் தொழிலாளர் நலனின் அடிப்படைகள் என்பது இவ்வரலாற்றால் தெளிவாகும்.