சின்னப் பையன் கூலி: ஒரு வரலாற்றுப் பார்வை

வலியசாலையில் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் காந்தளூர்ச் சாலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இராசராச சோழனின் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை நம் மகாதேவர் கோயிலைச் சார்ந்ததுதானா, அல்லது வேறிடமா என்று அறிஞர் பெருமக்கள் இன்றளவும் வாதிட்டு வருகிறார்கள். அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. எனக்கு வேண்டியது அதோடு தொடர்புடைய ஒரு சிறு செய்தி மட்டுமே.

9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். சட்டர் என்போர் அங்கே தங்கிப் பயின்ற மாணாக்கர். காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கே அதற்கு முன்மாதிரி என்று அவனுடைய செப்பேடு கூறுகிறது. ஆக, கற்கும் பிள்ளைக்குச் சோறும் இடமும் கொடுப்பது இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தருமம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், ஒரு பிள்ளையிடம் நாள் முழுக்க வேலை வாங்கிக்கொண்டு, "அவன் தொழில் கத்துக்கிறான், அவனுக்கு எதுக்கு முழுக் கூலி?" என்று சொல்வதும் அதே தருமம்தானா? இளவயதுத் தொழிலாளிக்கும் வயது வந்தவருக்கும் குறைந்தபட்சக் கூலி ஒன்றாக இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாலைக்கடையின் வழக்கம்

தருமராசா காலத்துத் திவான் இராசா கேசவதாசர் சாலைக்கடையை உருவாக்கினார் என்பது வரலாறு. அக்கடைத்தெருவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். அவர்கள் பின்னால் கடைப் பையன்களும் வந்தார்கள். நானும் வந்தவாசிப் பக்கத்திலிருந்து 14 வயதில் அப்படி வந்தவன்தான். சோறு, படுக்கக் கடையின் பின்கட்டு, தீபாவளிக்கு ஒரு துணி. சம்பளம் பெரியவர்கள் சம்பளத்தில் பாதி. அதுவும் கைக்கு வராது. பேரேட்டில் பற்று வரவாக நிற்கும். எந்தக் கடை என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்குப் பல கடைகளிலும் இதுதான் நடைமுறை.

இதில் நல்லதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தராசு பிடிக்கவும், சரக்கின் தரம் பார்க்கவும், மலையாளம் பேசவும் அங்கேதான் கற்றேன். ஆனால் அதையெல்லாம் முதல் ஆறு மாதத்தில் கற்றுவிட்டேன். பாதிச் சம்பளம் நான்கு வருடம் நீடித்தது.

அடமானம் வைக்கப்பட்ட பிள்ளைகள்

இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணைக்குழு 1931இல் அறிக்கை தந்தது. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடமானம் வைக்கும் வழக்கம் அமிர்தசரசு, அகமதாபாத், சென்னை, கொச்சி என்று ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள ஊர்களிலெல்லாம் இருப்பதை அது கண்டது. அதன் பயனாக 1933இல் சிறார் உழைப்பு அடமானச் சட்டம் வந்தது. அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று கூறிய அச்சட்டம் ஒரு விலக்கும் வைத்தது: பிள்ளைக்குத் தீங்கில்லாமல், நியாயமான கூலி தவிர வேறு பயன் எதுவும் பெறாமல், ஒரு வாரத்துக்கு மேற்படாத முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளும்படி செய்த ஒப்பந்தம் குற்றமாகாது. நியாயமான கூலி என்றால் எவ்வளவு? அதைச் சட்டம் சொல்லவில்லை. பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் வேர் இங்கேயே இருக்கிறது.

1948: ஒரே ஆண்டு, இரண்டு சட்டம்

விடுதலைக்குப் பின் 1948இல் இரண்டு பெரிய சட்டங்கள் பிறந்தன. ஒன்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம். வயது வந்தோர், வளரிளம் பருவத்தினர், சிறுவர், தொழில் பழகுநர் ஆகியோருக்குத் தனித்தனிக் கூலி விகிதம் நிர்ணயிக்கலாம் என்று அதன் 3ஆம் பிரிவு அரசுக்கு இடம் கொடுத்தது. வளரிளம் பருவம் என்பது 14 முடிந்து 18 முடியாத வயது என்று 1986இல் திருத்தி எழுதினார்கள்.

மற்றொன்று தொழிற்சாலைகள் சட்டம். 15 முடிந்து 18 முடியாத பிள்ளையை மருத்துவர் சோதித்து, இவன் பெரியவனைப் போல வேலை செய்யத் தகுதியுள்ளவன் என்று சான்று கொடுத்தால், அந்தச் சான்றைக் குறிக்கும் வில்லையை அவன் வேலை நேரத்தில் உடன் வைத்திருந்தால், வேலை நேரத்துக்கும் விடுப்புக்கும் அவன் பெரியவனாகவே கருதப்படுவான் என்றது 70ஆம் பிரிவு. சான்று இல்லாதவன் சிறுவனாகக் கருதப்படுவான்; அவனுக்கு நாளொன்றுக்கு நாலரை மணி நேரமே வேலை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலரை மணி நேரம் வேலை செய்பவனுக்குப் பாதி நாள் கூலி என்றால் அது நேரத்துக்கு ஏற்ற கணக்கு, யாரும் ஏற்பார்கள். ஆனால் வில்லையோடு நிற்கும் 16 வயதுப் பையன் பெரியவனுக்குச் சமமாக நாள் முழுக்க உழைக்கலாம் என்று ஒரு சட்டமும், அவனுக்குக் குறைத்துக் கொடுக்க வழி உண்டு என்று இன்னொரு சட்டமும் சொல்வது என்ன நியாயம்? வேலை வாங்கும்போது பெரியவன்; கூலி கொடுக்கும்போது சின்னப் பையன்!

சிவகாசியும் 60 விழுக்காடும்

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் தொடக்கம் நமக்கெல்லாம் பெருமை தருவது. ஐய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1922இல் கல்கத்தா சென்று தொழில் பழகி வந்து, வானம் பார்த்த பூமியில் ஒரு தொழில் நகரத்துக்கு வித்திட்டார்கள். அதே தொழிலில் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். இதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றம் சென்றார்.

1990இல் வந்த தீர்ப்பு தீப்பெட்டி உற்பத்தியில் பிள்ளைகளை விடக்கூடாது என்றது. உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து விலகிய பகுதியில், பிரித்து அடுக்கும் வேலையிலும் சிப்பம் கட்டும் வேலையிலும் அனுமதித்தது. அவர்களின் மென்மையான கைகள் அவ்வேலைக்கு மிகவும் பொருத்தம் என்றது. அதே வேலையைச் செய்யும் பெரியவரின் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடாவது பிள்ளைகளுக்குத் தர வேண்டும், அரசு விரும்பினால் கூட்டிக்கொள்ளலாம் என்றது. ஊழியர் அனைவருக்கும் 50,000 ரூபாய்க் காப்பீடும் கட்டாயமாக்கியது.

ஒன்றும் கிடைக்காதிருந்த பிள்ளைக்கு 60 கிடைத்தது என்று பார்த்தால் இது முன்னேற்றமே. நீதிபதிகளின் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வியாபாரி கண்ணுக்கு ஒன்று தெரியும். ஒரு வேலைக்குப் பெரியவரைவிடப் பிள்ளையின் கைதான் பொருத்தம் என்றால், அந்தக் கைக்குக் கூலி ஏன் குறைய வேண்டும்? எடுத்துக்காட்டாகப் பெரியவருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு 1,000. பத்துப் பிள்ளைகளுக்கு 600. வேலையும் பிள்ளைதான் நன்றாகச் செய்கிறது. எந்த முதலாளி பெரியவரைக் கூப்பிடுவார்? அப்பன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். பிள்ளை சிப்பம் கட்டப் போகும்.

இந்தத் தொடர்பை 1996 டிசம்பர் 10இல் அதே வழக்கின் அடுத்த தீர்ப்பு நேராகவே பிடித்தது. சட்டத்தை மீறி அபாயத் தொழிலில் பிள்ளையை அமர்த்தியவர் பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும். அப்பிள்ளையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. பிள்ளையின் கூலி மலிந்தால் பெரியவரின் வேலை போகிறது என்ற உண்மையை ஒப்புக்கொண்ட தீர்ப்பு இது என்பது என் எளிய கருத்து.

மறுதரப்பு வாதம்

மறுதரப்பையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. "முழுக் கூலி கொடுக்கணும்னா அனுபவம் உள்ளவனையே எடுத்துக்குவேன். புதுப் பையனை யார் சேர்ப்பாங்க?" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. புதிதாக வந்தவன் அளவு தவறுவான், சரக்கைக் கொட்டுவான், பழக்குபவரின் நேரமும் போகும்.

ஆனால் அது வயதின் குறையா, பழக்கமின்மையின் குறையா? 40 வயதில் புதிதாக வந்தவனும் கொட்டத்தானே செய்வான்? ஆகவே குறைப்பதாயின் பழகும் காலத்துக்குக் குறைக்கலாம். அதற்கும் ஒரு கெடு வேண்டும். தொழில் பழகுநர் சட்டத்தின் விதிகளில் 2014இல் இதற்கு நல்ல முறை இருந்தது: ஓரளவு திறனுள்ள தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியில் முதலாண்டு 70, இரண்டாமாண்டு 80, மூன்றாமாண்டு 90 விழுக்காடு உதவித்தொகை. 2019இல் இதை மாற்றிக் கல்வித் தகுதிக்கேற்ற ரூபாய்த் தொகையாக்கிவிட்டார்கள். படிப்படியாக ஏறும் அந்த முறையே என் மனத்துக்கு உகந்தது.

கெடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளே சான்று. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு பயிற்சியாளர்களாக விடுதியில் வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சேர்த்தார்கள். வேலை முழு வேலை. பெயர் மட்டும் பயிற்சி. 2008இல் தமிழ்நாடு அரசு நூற்பாலைப் பயிற்சியாளர்களுக்கென்றே குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. ஆலைத் தரப்பு அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது.

கடல் கடந்து பார்த்தாலும் வயதுக் கோடு நிலையாக இல்லை. இங்கிலாந்தில் 1999இல் தேசியக் குறைந்தபட்சக் கூலி வந்தபோது 22 வயது முதல் மணிக்கு 3.60 பவுண்டு, 18 முதல் 21 வரை 3 பவுண்டு. 18க்குக் கீழே 2004 வரை ஒன்றுமில்லை. முழுக் கூலி பெறும் வயது 2016இல் 25 ஆனது, 2021இல் 23, 2024இல் 21. மனிதனின் கைவலிமை எட்டாண்டில் இப்படி மாறுமா? மாறியது அரசின் கணக்கு மட்டுமே.

இன்றைய சட்டமும் நம் கடையும்

2016இல் 14 வயதுக்குட்பட்டோரை வேலையில் அமர்த்துவதும், 18க்குட்பட்டோரை அபாயத் தொழிலில் அமர்த்துவதும் தடுக்கப்பட்டன. 2019இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1948ஆம் ஆண்டுக் கூலிச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் அளவுகோலாக இது தொழிலாளியின் திறனையும் வேலை நடக்கும் நிலப்பகுதியையும் முதன்மையாகச் சொல்கிறது. வேலையின் கடுமையையும் கருதலாம் என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. 77 ஆண்டுகளுக்குப் பின் சட்டம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. தொழில் பழகுநர் மட்டும் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அந்தக் கதவைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சட்டம் இருக்கட்டும், நம் கதை என்ன? சுமார் இருபது வருடத்துக்கு முன் என் கடையில் 16 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் சம்பளம் கொடுக்கும்போது, "முதலாளி, நானும் அதே மூட்டையைத்தானே தூக்கறேன்?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. நான் 14 வயதில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது. அடுத்த மாதத்திலிருந்து உயர்த்திக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்துப் பாக்கியைக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை, பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டான். என் பேரேட்டில் எழுதாத கடன் அது ஒன்றுதான்.

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தான் விரதங்களின் குற்றங்களைப் பட்டியலிடும்போது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதைக் கொல்லாமை விரதத்தின் குற்றமாகவும், குறைத்தும் கூட்டியும் அளப்பதைத் திருடாமை விரதத்தின் குற்றமாகவும் வைக்கிறது. எங்கள் வீட்டில் சிறு வயதிலேயே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருப்பவனைத் திருடன் என்கிறோம். ஒரே மூட்டைக்கு இரண்டு கூலி வைத்திருப்பவனை என்னவென்று சொல்வது?

சாலைக்கடையில் இன்று தமிழ்ப் பையன்கள் குறைந்துவிட்டார்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் அதே பின்கட்டில் படுக்கிறார்கள். அன்று நாம் வந்ததைப் போல இன்று அவர்கள். நேரம் குறைந்தால் கூலி குறையட்டும். பழகும் காலம் என்றால் அதற்கு ஒரு கெடு வைத்து, முதல் நாளே பையனிடம் சொல்லிவிடுவோம். மற்றபடி தராசில் ஏறுவது மூட்டையாக இருக்கட்டும், தூக்குபவனின் வயது வேண்டாம்.