கண்காட்சித் திடலில் கல்லூரி மாணவருக்கு என்ன வேலை?

அமெரிக்க மாநிலக் கண்காட்சிகளில் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கன்று, ஆடு, பன்றியோடு போட்டிக்கு வருவாங்க. மதிப்பெண் தாளோடு, சம்பளமில்லாமல் அங்கே ஓடியாடி வேலை செய்பவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. இதை வெறும் சேவைன்னு நான் நினைக்கல. பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கு.

1862ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தால் மாநிலங்களில் வேளாண் கல்லூரிகள் வந்தன. ஏட்டுச் சுரைக்காய் என்று விவசாயிகள் பலர் அவற்றை ஒதுக்கினாங்க. ஆனா பிள்ளைகள் காதுகொடுத்தாங்க. 1902இல் ஒஹையோவில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் மன்றம் தொடங்கினார். மாநிலப் பல்கலைக்கழகம் துணை நின்றது. 1910இல் தென் கரோலினாவின் 15 வயது ஜெர்ரி மூர், போட்டிக்காக ஒரே ஏக்கரில் 228 புஷல் மக்காச்சோளம் எடுத்தான். அன்றைய நாட்டுச் சராசரி 30கூட இல்லை. அப்பாக்களுக்கு வேற சாட்சி வேணுமா? 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் கல்லூரியை வயலுக்கே அனுப்பியது. அந்த மன்றங்கள் வளர்ந்ததுதான் இன்றைய 4-எச்.

கால்நடை மதிப்பீட்டுப் போட்டியில் நான்கு மாடுகளைத் தரவரிசைப்படுத்தினால் மட்டும் போதாது. ஏன் இந்த வரிசை என்று வாயால் சொல்லணும். அதற்கும் மதிப்பெண் உண்டு. கல்லூரியைச் சந்தேகித்த விவசாயி கேட்டதும் இந்த 'ஏன்'தான். அதற்குப் பதில் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவதுதான் அந்த மாணவர்கள் பார்க்கிற வேலை.