கணபத்ராவ் தேஷ்முக்: ஒரே தொகுதி, ஒரே கட்சி

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், சோலாப்பூர் மாவட்டத்தின் வரட்சி மிகுந்த சாங்கோலா தொகுதியிலிருந்து பதினொரு தடவைகள் சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்டவர் கணபத்ராவ் தேஷ்முக். 1962இல் முதன்முறையாக வெற்றியீட்டிய அவர், 1972இலும் 1995இலும் தோல்வி கண்டார். இரண்டாவது தோல்வி 192 வாக்குகளாலேயே நேர்ந்தது.

அமைச்சுப் பதவியின்றித் தொகுதிக்கு எதனையும் செய்ய முடியாது என்ற வாதத்தை நாம் அடிக்கடி கேட்கின்றோம். கட்சி தாவுவோர் அனைவரும் கூறும் நியாயமும் அதுவே. 1978இல் அமைந்த சரத் பவார் அரசாங்கத்திலும், 1999இன் பின்னர் சிறிது காலமும் அமைச்சராக இருந்ததைத் தவிர, தேஷ்முக் பெரும்பாலும் எதிர்க்கட்சி ஆசனத்திலேயே அமர்ந்திருந்தார். அவர் சார்ந்த விவசாயிகள் தொழிலாளர் கட்சியோ தேய்ந்து, 2014இல் மூன்று ஆசனங்களுக்குள் சுருங்கியது. அவற்றுள் ஒன்று சாங்கோலா. பாசன நீருக்காக இடைவிடாது குரலெழுப்பியமை, கூட்டுறவு நூற்பாலை, அரச பஸ்ஸில் பயணிக்கும் எளிமை ஆகியனவே அவரது மூலதனம் எனலாம்.

முதுமை காரணமாக 2019இல் அவர் போட்டியிடவில்லை. பேரன் களமிறங்கியும் தொகுதி கைநழுவியது. 2021 ஜூலை 30ஆம் திகதி, தமது 94ஆவது வயதில் தேஷ்முக் காலமானார். 2024இல் மற்றொரு பேரன் அதே கட்சியின் சார்பில் சாங்கோலாவை மீட்டெடுத்தார்.