பதினேழாவது ஆள்

ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாசம் நெருங்கினால் கனடாவில் ஒரு பெரிய வாய்த்தகராறு தொடங்கிவிடும்.

"இந்தப் பையன் முதல் ஐந்துக்குள்ள போவான் பாருங்க."

"சும்மா இருங்க. உயரம் பத்தாது. பெரிய பசங்க இடிச்சா சுவத்துல ஒட்டிக்குவான்."

"அவனுக்கு முட்டியில ஆபரேஷன் ஆகியிருக்காமே, எவன் எடுப்பான்?"

இதெல்லாம் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் பேசிக்கொள்வது. பேசுபொருள், வெறும் 18 வயசுப் பிள்ளைகள்.

ஹாக்கி என்றதும் நம்ம புல்தரை ஹாக்கியை நினைச்சுக்காதீங்க. இது பனிக்கட்டித் தரையில் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு ஆடுவது. வட அமெரிக்காவில் இதற்கான பெரிய தொழில்முறை லீக்கின் பெயர் என்.எச்.எல். ஜூனியர் ஆட்டக்காரர்களை அந்த லீக்கின் அணிகள் வருஷத்துக்கு ஒருமுறை பங்கு போட்டுக்கொள்ளும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். ஐபிஎல் ஏலம் மாதிரி தெரியும். ஆனா இங்கே காசு பேசாது, வரிசைதான் பேசும். போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. அவர்கள் முறை வரும்போது ஒரு பெயரைச் சொன்னால் போதும், பையன் அவர்களுக்கு.

ஹாக்கி பற்றி எழுத ஒரு டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள்.

இந்த டிராஃப்ட் வரலாற்றில் நம் டிபார்ட்மெண்ட் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்த பிறகு, நான் போட்ட ஒரு கையெழுத்து ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1969 ஜூன். மாண்ட்ரியல் நகரில் ஒரு ஹோட்டலில் டிராஃப்ட் நடக்கிறது. இன்றைக்கு மாதிரி டிவி, மேடை, கைத்தட்டல் எதுவும் கிடையாது. மேஜை போட்டு, கோட்டு சூட்டு போட்ட ஆட்கள் உட்கார்ந்து பெயர் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அந்த வருஷப் பட்டியலில் பாபி கிளார்க் என்று ஒரு 19 வயசுப் பையன் இருந்தான். ஊர் ஃப்ளின் ஃப்ளான், மானிடோபா மாகாணத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் சுரங்க ஊர். அப்போது செம்பும் துத்தநாகமும் தோண்டினார்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி. (ஒரு நாவலில் வரும் கற்பனைப் பாத்திரத்தின் பெயரைச் சுருக்கி ஊருக்கு வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு ஊர் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை.)

பையன் ஆட்டம் எப்படி? ஜூனியர் லீக்கில் 1967-68 சீசனில் 59 ஆட்டத்தில் 168 புள்ளி. அடுத்த சீசனில் 58 ஆட்டத்தில் 137 புள்ளி. கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோல் போட வழி செய்து கொடுத்தாலும் ஒரு புள்ளி. அதாவது ஒரு ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல். மேற்கு கனடாவில் அவனைத் தெரியாத ஹாக்கி ரசிகன் இருந்திருக்க மாட்டான்.

முதல் பெயராக வர வேண்டியவன். வரவில்லை.

முதல் சுற்று முடிந்தது. இல்லை. இரண்டாம் சுற்று தொடங்கியது. அப்போதும் இல்லை. அவனுக்கு முன்னால் 16 பெயர்கள் வாசிக்கப்பட்டன. பதினேழாவதாக பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அவன் பெயரைச் சொன்னது. அந்த பிலடெல்பியாவும் முதல் சுற்றில் ஆறாவது இடத்தில் அவனைத் தாண்டிப் போய், பாப் கரியர் என்ற வேறொருவரை எடுத்திருந்தது. அவர் கடைசிவரை ஒரு என்.எச்.எல் ஆட்டம்கூட ஆடவில்லை.

காரணம் ஒன்றுதான். பாபி கிளார்க்குக்குச் சிறு வயதிலேயே டைப் 1 சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி.

இப்போது இந்தக் கதையைச் சொல்கிற ரசிகர்கள் எல்லாம், "அந்த அணிகளில் இருந்தவர்கள் முட்டாள்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1969ல் சர்க்கரை நோயாளியின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

வீட்டில் விரல் நுனியில் குத்தி ரத்தத்தில் சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் அப்போது கிடையாது. வீட்டுக்கு வீடு அது வந்ததெல்லாம் எழுபதுகளின் கடைசிக்குப் பிறகு. மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட்டும் புழக்கத்தில் இல்லை. இன்சுலின் என்பது மாடு, பன்றியின் கணையத்தில் இருந்து எடுத்தது. மனித இன்சுலின் சந்தைக்கு வந்தது 1982ல்.

அப்போ சுகரை எப்படிப் பார்த்தார்கள்? சிறுநீரில். ஒரு டெஸ்ட் டியூபில் சில சொட்டு சிறுநீர், அதில் ஒரு மாத்திரையைப் போட்டால் கொதித்து நிறம் மாறும். நீலம் என்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போகப் போக சர்க்கரை அதிகம். நாங்கள் எம்பிபிஎஸ் முதல் வருஷத்தில் பயோகெமிஸ்ட்ரி லேபில் செய்கிற பெனடிக்ட்ஸ் டெஸ்ட்டின் அதே வேதியியல். வேலை செய்வது செம்பு உப்பு. செம்பு தோண்டும் ஊரில் பிறந்தவனுக்குச் செம்பை வைத்தே சுகர் டெஸ்ட்!

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனிங்க.

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதனால் ரத்த சுகர் 150 இருந்தாலும் நீலம்தான். 100 இருந்தாலும் நீலம்தான். 40க்கு இறங்கி மயங்கி விழப்போகிற நேரத்திலும் அதே நீலம்தான். போதாததற்கு, சிறுநீர்ப்பையில் இருப்பது சில மணி நேரத்துக்கு முந்தைய சரக்கு. இப்போதைய நிலவரம் அதில் தெரியாது.

டைப் 1 உள்ள ஒருவர் கடுமையாக விளையாடும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் போட்ட இன்சுலினைத் திரும்ப வெளியே எடுக்க முடியாது. சுகர் சரசரவென இறங்கும். ஆட்டம் முடிந்து தூங்கும்போதுகூட இறங்கலாம். இதைத்தான் லோ சுகர் என்கிறோம், ஹைப்போ என்கிறோம். மற்றபடி உயர் சர்க்கரை வருஷக்கணக்கில் சேதம் செய்யும். லோ சுகர் பத்து நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

அந்தப் பத்து நிமிஷ ஆபத்தைக் காட்டும் கருவி 1969ல் ஆட்டக்காரன் கையில் இல்லை. ஆக அணிகளின் பயம் ஆதாரமற்ற பயம் அல்ல. பயந்ததில் தப்பில்லை. பயத்தைக் கேள்வியாக மாற்றி, பதில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கேட்காததுதான் தப்பு.

கேட்டவர் ஒருவர் இருந்தார். பையனுடைய ஜூனியர் அணிப் பயிற்சியாளர் பாட் கின்னல். டிராஃப்டுக்கு முன்பே கிளார்க்கைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் மேயோ கிளினிக்குக்குப் போனார். நாடு விட்டு நாடு. அங்கே டாக்டர்கள் சோதித்துவிட்டுச் சொன்னதன் சாரம் இதுதான்: உடம்பைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் இவன் தொழில்முறை ஹாக்கி ஆடலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த அணி ஆட்களிடம் எல்லாம் கின்னல் எடுத்துச் சொன்னார்.

பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. நம்பியவர் பிலடெல்பியாவின் திறன்தேடுநர் கெர்ரி மெல்னிக். இவர் யார் தெரியுமா? இவரும் ஆட்டக்காரராக இருந்தவர்தான், இதயப் பிரச்சினையால் 1968ல் ஆட்டத்தை விட்டவர். அவர் விடாமல் வற்புறுத்தியதால்தான் இரண்டாம் சுற்றிலாவது அந்தப் பெயர் வாசிக்கப்பட்டது. உடம்பு ஒருவனை ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளினால் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் அவருக்குத்தான் தெரிந்திருக்கும் என நினைக்கிறேன்.

சரி, பையன் வந்தான். எல்லாம் சுபமா?

இல்லை. முதல் பயிற்சி முகாமிலேயே இரண்டு முறை வலிப்பு வந்தது. முடிஞ்சுது கதை என்று அன்றைக்கு எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

அணியின் டிரெய்னர் ஃப்ராங்க் லூயிஸ் ஒரு காரியம் செய்தார். என்ன நடந்தது என்று விசாரித்தார். இரண்டு நாளும் பையன் காலைச் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை. இன்சுலினும் கடும் பயிற்சியும் சேர்ந்து, வயிறு காலி. வேறென்ன நடக்கும்?

அவர் போட்ட திட்டத்தைப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன்னால் சர்க்கரை கரைத்த ஒரு பாட்டில் கோகோ கோலா. ஆட்டத்தின் இடைவேளைகளில் சர்க்கரை போட்ட ஆரஞ்சு ஜூஸ் அரை கிளாஸ். முடிந்த பிறகு முழு கிளாஸ். டிரெய்னரின் பையில் எப்போதும் சாக்லேட்டும் ஒரு குளுக்கோஸ் டியூபும்.

அவ்வளவுதான் தீர்வு. பெட்டிக்கடையில் கிடைக்கிற சாமான்.

(சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்குக் கோலா பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு ஐஸ் மேல் மோதி ஆடுகிற 20 வயசுக்காரனுக்கு, மீட்டரே இல்லாத காலத்தில் போட்ட கணக்கு அது. உங்களுக்கான கணக்கை உங்கள் டாக்டர் போடட்டும்.)

அதற்குப் பிறகு நடந்தது ஹாக்கி வரலாறு. 15 சீசன். 1144 ஆட்டம். 1210 புள்ளி. லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபி மூன்று முறை: 1973, 1975, 1976. 23 வயதில் கேப்டன். 1974லும் 1975லும் ஸ்டான்லி கோப்பை. 1967ல் லீக்கை விரித்தபோது சேர்ந்த புது அணிகளில் முதலில் கோப்பை வாங்கியது இவர்களுடையதுதான். முன்பல் இல்லாமல் ஈ என்று சிரிக்கும் அந்தக் காலப் படத்தைத் தேடிப் பாருங்கள், மறக்க முடியாது.

அவரைத் தியாகி ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. அந்த அணிக்கு ரவுடிகள் என்றே பட்டப்பெயர் இருந்தது. 1972ல் சோவியத் யூனியனுக்கு எதிரான தொடரின் ஆறாவது ஆட்டத்தில், வலேரி கர்லாமோவ் என்ற அற்புதமான ஆட்டக்காரரின் கணுக்காலில் மட்டையால் அடித்தவர் இதே கிளார்க். ரஷ்ய ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. டாக்டராக எனக்கும் அதை ரசிக்க முடியவில்லை. நோயாளி என்றால் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது 2013க்கு வாருங்கள். மேக்ஸ் டோமி. டைப் 1 சர்க்கரை நோய், கூடவே கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய். டிராஃப்டில் 12வது. சின்ன வயசிலிருந்தே அவருக்கு கிளார்க்தான் முன்மாதிரி, கிளார்க் போட்ட 16ஆம் எண்ணைத்தான் தானும் போட்டுக்கொண்டார்.

2019. பின்லாந்தின் காப்போ காக்கோ. இவருக்கும் அதே டைப் 1, அதே சீலியாக். அந்த வருஷம் ரசிகர்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டது, முதலிடம் ஜாக் ஹியூஸுக்கா, காக்கோவுக்கா என்று. வேகம் பற்றிப் பேசினார்கள், உயரம் பற்றிப் பேசினார்கள், உலக சாம்பியன்ஷிப்பில் பெரிய ஆட்களோடு ஆடி பின்லாந்து தங்கம் வாங்கியதைப் பேசினார்கள். இன்சுலின் அந்த விவாதத்தின் மையத்தில் இல்லை. காக்கோ இரண்டாவதாகப் போனார்.

17, 12, 2. ஐம்பது வருஷம்.

நடுவில் குளுக்கோமீட்டர் வந்தது, புது இன்சுலின்கள் வந்தன, தோலில் ஒட்டிக்கொண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் சுகர் சொல்லும் சென்சார் வந்தது. காக்கோ எதிர்பார்த்த அளவுக்கு இதுவரை பெரிய நட்சத்திரம் ஆகவில்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அந்தக் குறை எனக்கு ஒருவகையில் பிடித்திருக்கிறது. மற்ற எல்லாப் பையன்களையும் திட்டுகிற மாதிரியே அவரையும் திட்டுகிறார்கள்.

இனி என் கையெழுத்து.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். திங்கட்கிழமை ஓபி. வாசல் வரை வரிசை. ஒரு பி.டி. டீச்சர் எட்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாவட்ட அளவிலான ஓட்டப்பந்தயத்துக்கு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். ஏழு பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். எட்டாவது ஒரு 14 வயசுப் பெண் பிள்ளை. "சார், எனக்கு சுகர் இருக்கு. ஊசி போட்டுக்கிறேன்" என்று அதுவாகவே சொன்னது.

"தகுதி இல்லை" என்று எழுதினேன்.

ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்கவில்லை. ஊசி எத்தனை மணிக்கு, எத்தனை யூனிட் என்று கேட்கவில்லை. இதுவரை ஓடும்போது மயங்கியிருக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. என் மேஜையில் குளுக்கோமீட்டர் இருந்தது. 1969ல் யாரிடமும் இல்லாதது, என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. டீச்சர்தான், "நல்லா ஓடும் சார்" என்று மெதுவாகச் சொன்னார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

பிறகு எனக்கு மாறுதல் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

போன மாதம் இங்கே ஒரு பையன் ஃபுட்பால் டீமுக்காக அதே மாதிரி ஃபாரம் கொண்டு வந்தான். டைப் 1. உட்காரச் சொன்னேன். ஆட்டத்துக்கு முன்னால் சுகர் பார்க்கணும், 90க்குக் கீழே இருந்தால் முதலில் மூணு ஸ்பூன் சர்க்கரை. 270க்கு மேலே இருந்தால் கீட்டோன் பார்க்காமல் இறங்கக் கூடாது. சாப்பிடாமல் ஆடக் கூடாது. அன்றைய இன்சுலின் அளவை ஆட்டத்தை வைத்து முடிவு செய்யணும், ராத்திரி படுக்கும் முன் இன்னொரு முறை சுகர் பார்க்கணும். பையில் குளுக்கோஸ் பாக்கெட், அது இருக்கிற இடம் கூட ஆடுகிற ரெண்டு பேருக்காவது தெரியணும். எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, ஃபாரத்தில் "தகுதி உண்டு, இணைப்பைப் பார்க்கவும்" என்று போட்டு, அவன் அம்மாவிடமும் கோச்சிடமும் படித்துக் காட்டினேன்.

இருபத்தைந்து நிமிஷம் ஆச்சு. வெளியே வரிசையில் நின்றவர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.